கடலுக்கடியில் கார்: கட்டணத்தை யார் தீர்மானிக்கிறார்கள்?

இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனில் இருந்து பிரான்ஸின் கலே பக்கம் காரோடு போகணும்னா, ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் ஓடும் லெ ஷட்டில் ரயிலில் காரையே ஏற்றிவிடலாம். 35 நிமிஷப் பயணம். காரை விட்டு இறங்கக்கூட வேண்டாம். டிக்கெட்டில் ஒரு விநோதம் உண்டு: ஆள் கணக்கு கிடையாது. தனியாகப் போனாலும் சரி, ஒன்பது பேர் வரை நெருக்கியடித்து உட்கார்ந்தாலும் சரி, வண்டிக்குத்தான் காசு. பாரிஸில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் லண்டன் ஈழத்தமிழர்கள் பலர் குடும்பத்தோடு காரில் கிளம்பிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, அந்தக் கட்டணம் எவ்வளவு? ஒரே பதில் கிடையாது. விடியற்காலை ரயிலுக்கு ஒரு விலை, பத்து மணி ரயிலுக்கு இன்னொரு விலை, ஆகஸ்ட் சனிக்கிழமைக்கு வேறு விலை. விமான டிக்கெட் மாதிரிதான். எனக்கு ஆர்வம் வந்தது வேறு இடத்தில். 50 கிலோமீட்டர் சுரங்கம், அதில் கிட்டத்தட்ட 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில். இவ்வளவு செலவு பண்ணிக் கட்டின ஒரு பொருளுக்கும் அதன் டிக்கெட் விலைக்கும் என்ன உறவு? தோண்டிப் பார்த்தால், உறவு ரொம்பக் குறைவு. அந்த விலையைத் தீர்மானித்தது பெரும்பாலும் மேலே மிதக்கிற கப்பல்தான்.

கதையை 1928இல் இருந்து ஆரம்பிக்கணும். அப்போது கால்வாயில் கார்களைக் கொண்டுபோகும் தொழில் ரயில்வே கம்பெனியின் கையில். டோவரில் சதர்ன் ரயில்வே வைத்ததுதான் விலை. ஸ்டூவர்ட் டவுன்சென்ட் என்ற கேப்டனுக்கு அந்த விலை அநியாயமாகப் பட்டது. நிலக்கரி ஏற்றும் சின்னக் கப்பல் ஒன்றை, ஆர்ட்டிஃபைசர் என்று பெயர், ஒரு மாத வாடகைக்கு எடுத்தார். 15 கார், 12 பயணிகள், அவ்வளவுதான் கொள்ளும். ரயில்வேயைப் பயமுறுத்தி விலையைக் குறைக்க வைக்கணும் என்பதுதான் திட்டம், கப்பல் கம்பெனி நடத்துவது இல்லை. ஆனால் மாத முடிவில் சுமார் 80 பவுண்டு லாபம் நின்றது. மனுஷன் தொழிலிலேயே இறங்கிவிட்டார்.

1930இல் பழைய கடற்படைக் கண்ணிவாரிக் கப்பல் ஒன்றை வாங்கி, பின்பக்கம் கதவு வைத்து, ஃபோர்ட் என்று பெயர் மாற்றி ஓட்டினார். கதவு இருந்ததே தவிர அதன் வழியாகக் காரை ஓட்டி ஏற்ற முடியவில்லை, துறைமுகத்தில் அதற்கான சாய்தளம் இல்லை. பெட்ரோலை வடித்துவிட்டு, ஒவ்வொரு காராகக் கிரேனில் தூக்கித்தான் இறக்கினார்கள். 1936இல் கலேயில் கிரேன் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோதுதான் அந்தப் பின்கதவுக்கு முதல்முறையாக வேலை வந்தது. டோவரில் காரை நேராகக் கப்பலுக்குள் ஓட்டும் வசதியோடு முனையம் திறந்தது 1953இல்தான். ரயில்வேயும் சும்மா இருக்கவில்லை. விலையைக் குறைத்தது, 1931இல் ஆட்டோகேரியர் என்று காருக்கென்றே ஒரு கப்பலை இறக்கியது. அதாவது எதிர்க்கடை வந்ததும் விலை இறங்கியது. கால்வாயின் அகலமோ கடலின் ஆழமோ மாறவில்லை.

நடுவில் வேறு வழிகளும் வந்து போயின. 1948இல் சில்வர் சிட்டி நிறுவனம் காரை விமானத்திலேயே ஏற்றி லெ துக்கே நகருக்குக் கொண்டுபோனது. 1968இல் இருந்து பெரிய ஹோவர்கிராஃப்ட்கள் ஓடின. அவையும் கிட்டத்தட்ட 35 நிமிஷத்தில் கடந்தன. இன்றைக்குச் சுரங்க ரயில் எடுக்கும் அதே நேரம்! 2000 அக்டோபரில் அவை நின்றன. அதைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுதலாம்.

சுரங்கத்துக்கு வருவோம். 1974இல் ஒரு முறை வேலை ஆரம்பித்து, 1975 ஜனவரியில் பிரிட்டன் அரசு காசில்லை என்று கைவிட்டது. மறுபடி 1980களில் பேச்சு எழுந்தபோது மார்கரெட் தாட்சர் ஒரே நிபந்தனை வைத்தார்: அரசுப் பணம் ஒரு பைசா கிடையாது. 1986 பிப்ரவரியில் கேன்டர்பரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. தாட்சருக்கு மனசுக்குள் ஆசை, கார்களை மக்களே ஓட்டிக்கொண்டு போகும் சாலைமேல்தான். ஆனால் அவ்வளவு நீளச் சுரங்கத்தில் புகையை வெளியேற்றுவது, சுவரைப் பார்த்துக்கொண்டே ஓட்டும் டிரைவரை விழிப்பாக வைத்திருப்பது எல்லாம் தலைவலி. அதனால் ரயில் ஜெயித்தது. இருந்தாலும் 2000க்குள் ஒரு சாலை இணைப்புக்கான திட்டத்தையும் கொடுக்கணும் என்று உரிமத்திலேயே எழுதிவைத்தார்கள். திட்டம் கொடுக்கப்பட்டது. அத்தோடு சரி.

சாலைக்குப் பதில் ரயில் என்று முடிவானதில்தான் காருக்கான செலவு எகிறியது. கார் தன் சொந்த என்ஜினில் ஓடினால் செலவு காரோட்டியுடையது. ரயிலில் ஏற்றினால் நீங்கள் ஒரு தனி வகை ரயிலையே உருவாக்கணும். ஒவ்வொரு ஷட்டிலும் கிட்டத்தட்ட 800 மீட்டர் நீளம். 120 கார், 12 பஸ் ஏறும். பெட்டிகள் அவ்வளவு அகலமாக இருப்பதால் பிரிட்டனின் மற்ற தண்டவாளங்களில் அவற்றை ஓட்டவே முடியாது. நாளைக்குத் தொழில் படுத்தால் விற்பதற்கும் ஆள் கிடையாது. வண்டிகளோடு ஆட்களும் உள்ளேயே இருப்பதால் தீத்தடுப்புக் கதவுகள் வேண்டும். அந்தக் கதவின் வழி 60 சென்டிமீட்டர் போதாது, 70 வேண்டும் என்று பாதுகாப்புக் குழு பிற்பாடு சொன்னது. பத்து சென்டிமீட்டர்தானே என்று நினைப்போம். பாதி வேலை முடிந்தபிறகு தேவை மாறினால் என்ன ஆகும் என்று சாஃப்ட்வேர்காரனுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. ரயில்கள் ஓடும் சூட்டில் சுரங்கம் 50 டிகிரி வரை போகும் என்பதால் குளிர்ந்த தண்ணீர் ஓடும் குழாய்களை முழு நீளத்துக்கும் பதித்தார்கள்.

1987இல் போட்ட கணக்கு 500 கோடி பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. முடியும்போது ஏறத்தாழ இரண்டு மடங்கு. கட்டும்போது 10 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? 200க்கும் மேற்பட்ட வங்கிகள், அப்புறம் பொதுமக்கள். 1987 அக்டோபரில் உலகப் பங்குச் சந்தை கவிழ்ந்தது. அடுத்த மாதமே யூரோடனல் பங்கு வெளியீடு! ஒரு பங்கு 3.50 பவுண்டு, திரட்டியது 77 கோடி பவுண்டு. ஆசை காட்டுவதற்காகப் பங்குகளோடு பயணச் சலுகையையும் சேர்த்தார்கள். நிறைய வாங்கினவர்கள் 2042 வரை கணக்கில்லாமல் போய்வரலாம். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்குவது மாதிரி பலர், முக்கியமாகப் பிரெஞ்சு நடுத்தர வர்க்கத்தினர், சேமிப்பைக் கொண்டுவந்து கொட்டினார்கள். 1989இல் பங்கு 11 பவுண்டைத் தாண்டியது.

1994 மே 6ஆம் தேதி எலிசபெத் மகாராணியும் மித்தரானும் திறந்துவைத்தார்கள். பொதுமக்களுக்கான கார் ஷட்டில் ஓடத் தொடங்கியது டிசம்பரில். முதலில் அறிவித்த கட்டணம், கோடை உச்சத்தில் காருக்குப் போகவர 310 பவுண்டு. இன்றைய மதிப்பில் ஏறத்தாழ இரட்டிப்பு. கப்பலைவிட வேகம், அதனால் மக்கள் கொஞ்சம் கூடவே கொடுப்பார்கள் என்பது கணக்கு.

இந்த இடத்தில் ஒரு சின்ன வகுத்தல் போட்டுப் பார்த்தேன். 1995இல் கடன் வட்டி மட்டும் நாளைக்குச் சுமார் 20 லட்சம் பவுண்டு. வருஷத்துக்கு 73 கோடி. அந்த வருஷம் ஷட்டிலில் போன கார்கள் சுமார் 12 லட்சம். முழு வட்டியையும் கார்கள் தலையில் போட்டால், ஒரு வழிக்கு ஒரு காருக்கு 600 பவுண்டு. லாரிகளும் பாரிஸ் போகும் யூரோஸ்டார் ரயில்களும் பாதியைச் சுமந்தன என்று வைத்துக்கொண்டாலும் 300. இது வெறும் வட்டி. கரண்ட், சம்பளம், பராமரிப்பு எதுவும் இதில் இல்லை. யூரோஸ்டார் நிலைமையோ இன்னும் மோசம்: முதல் வருஷத்துக்கு 1.59 கோடி பயணிகள் என்று கணித்திருந்தார்கள், 1995இல் வந்தது 29 லட்சம் பேர்.

ஒரு வழிக்கே 300 வாங்கணும், அறிவித்ததோ போகவர உச்சக்கட்டமாக 310. சரி, அதையாவது வாங்க முடிந்ததா? கப்பல்காரன் சும்மா இருப்பானா! பி அண்ட் ஓ, ஸ்டெனா இரண்டும் பெரிய கப்பல்களை இறக்கி விலையை வெட்டின. அவர்களுக்கு ஒரு ரகசிய ஆயுதம் இருந்தது: கப்பலில் வரியில்லாமல் விற்கும் சரக்கும் சிகரெட்டும். டிக்கெட்டில் விட்டதைக் கடையில் பிடித்தார்கள். செய்தித்தாளில் கூப்பனை வெட்டிக்கொண்டு போனால் 1 பவுண்டுக்கு ஒரு நாள் பயணம் என்றெல்லாம் திட்டங்கள் ஓடின. கடலுக்கு அடியில் போனால் 300, மேலே போனால் 1 என்றால் யார் அடியில் போவார்கள்? சுரங்கமும் விலையைக் குறைத்தது, தன் பங்குக்கு வரியில்லாக் கடையும் வைத்தது. 1995 செப்டம்பரில் பெருங்கடனுக்கு வட்டி கட்டுவதையே யூரோடனல் நிறுத்தியது. அந்த ஆண்டு நட்டம் 92.5 கோடி பவுண்டு.

சுரங்கம் காலியாக ஓடியதால் வந்த நட்டம் இல்லை இது. 1998இல் 33 லட்சம் கார்கள் போயின. மூன்று வருஷத்தில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வாடிக்கையாளர் பார்வையில் அமோக வெற்றி. கட்டி முடித்த சுரங்கத்தில் இன்னொரு காரை ஏற்ற ஆகும் கூடுதல் செலவு அற்பம். எனவே எந்த விலைக்கு விற்றாலும் விற்காததைவிட மேல். எதிராளியும் அப்படியே நினைத்தால் இரண்டு பேரும் தரைக்கு வந்து சேருவார்கள். 1998இல் பி அண்ட் ஓவும் ஸ்டெனாவும் டோவர் தடத்தில் ஒன்றாகச் சேர்ந்தன, 1999 ஜூன் 30ஆம் தேதியோடு ஐரோப்பாவுக்குள் வரியில்லா விற்பனை முடிந்தது. அதன்பிறகுதான் விலைக்கு மூச்சு வந்தது.

கடன் மட்டும் மூச்சு விடவில்லை. 2004 ஏப்ரலில் பிரெஞ்சுச் சிறு முதலீட்டாளர்கள் திரண்டு வந்து இயக்குநர் குழுவையே வெளியேற்றினார்கள். அதுவும் போதவில்லை. 2006இல் பாரிஸ் வணிக நீதிமன்றத்தின் பாதுகாப்பைக் கேட்டுப் போனது கம்பெனி. 620 கோடி பவுண்டு கடன் 284 கோடியாக வெட்டப்பட்டது. பழைய பங்குதாரர்களுக்குப் புதிய கம்பெனியில் மிஞ்சியது 13 சதவீதம். 1987இல் சேமிப்பைப் போட்ட அந்த ஆசிரியர்கள், தபால் ஊழியர்கள் மாதிரியானவர்கள்தான் தெரியாமலேயே ஒவ்வொரு காரின் டிக்கெட்டிலும் பாதியைக் கட்டியவர்கள். அரசு ஒரு பைசா போடாது என்ற தாட்சரின் நிபந்தனை நிறைவேறியது. வேறு யாரோ போட்டார்கள்.

இதன் பிற்பகுதி இன்னும் வேடிக்கை. 2012இல் சீஃப்ரான்ஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் நிறுவனம் மூடியபோது அதன் மூன்று கப்பல்களை வாங்கியது யார் தெரியுமா? யூரோடனலேதான். வேலை இழந்த ஊழியர்களின் கூட்டுறவுச் சங்கம் அவற்றை மைஃபெரிலிங்க் என்ற பெயரில் ஓட்டியது. எழுபது, எண்பது வருஷமாக விலையை யார் தீர்மானிக்கிறார்கள் என்று பார்த்து வந்தவர்களுக்கு இதன் அர்த்தம் உடனே புரியும். பிரிட்டனின் போட்டி ஆணையத்துக்கும் புரிந்தது: சுரங்கமும் கப்பலும் ஒரே கையில் இருந்தால் கட்டணம் ஏறும், டோவருக்கு இந்தக் கப்பல்கள் வரக்கூடாது என்று 2013இல் உத்தரவு போட்டது. வழக்கு மேலே மேலே போனது. முடிவதற்குள் 2015 கோடையில் சேவை நின்றது. ஊழியர்கள் கலே துறைமுகத்தையும் தண்டவாளத்தையும் மறித்தார்கள். ஆணையத்தின் தர்க்கம் சரியாக இருந்திருக்கலாம், ஆனால் விளைவாகக் கடலில் ஒரு கம்பெனி குறைந்தது. எனக்கு இதில் இன்னும் திருப்தியில்லை.

விலைக்குறைப்பின் சுமை கடைசியாக எங்கே இறங்கியது என்பதை 2022 மார்ச்சில் பார்த்தோம். பி அண்ட் ஓ ஃபெரிஸ் ஏறத்தாழ 800 கப்பல் ஊழியர்களை முன்னறிவிப்பே இல்லாமல் வேலையை விட்டு நீக்கி, ஏஜென்சி ஆட்களை ஏற்றியது. தொழிற்சங்கங்களைக் கலந்தாலோசிக்காதது சட்டமீறல் என்று தெரிந்தேதான் செய்தோம் என்று அதன் தலைவர் நாடாளுமன்றக் குழுவிடமே ஒப்புக்கொண்டார். புதியவர்களுக்குச் சராசரியாக மணிக்கு 5.50 பவுண்டு. அப்போது பிரிட்டனின் குறைந்தபட்சக் கூலியே 8.91. சர்வதேசக் கடல் என்பதால் அந்தச் சட்டம் அவர்களைத் தொடவில்லை. 50 கிலோமீட்டர்கூட இல்லாத கடல்தான், ஒரு கரையில் நின்றால் மறுகரை தெரியும்.

2023இல் பிரிட்டனும் பிரான்ஸும் தத்தம் துறைமுகங்களுக்கு அடிக்கடி வந்துபோகும் கப்பல்களில் குறைந்தபட்சக் கூலி கொடுக்கணும் என்று சட்டம் கொண்டுவந்தன. அந்தச் சட்டம் வேண்டும் என்று உரக்கக் கேட்டவர்களில் தொழிற்சங்கங்களோடு இன்னொருவரும் இருந்தார்: கெட்லிங்க் என்று பெயர் மாறியிருக்கும் பழைய யூரோடனல்.