ஏழாண்டுக் கணக்கு: 1941 இந்திய–பர்மா ஒப்பந்தம், இன்சீனை முன்வைத்து

1941 ஜூலையில் வெளியான இந்திய–பர்மா குடியேற்ற ஒப்பந்தத்தை, நடைமுறைக்கு வருமுன்பே போர் விழுங்கிவிட்ட வெற்றுத்தாள் என்று ஆய்வாளர் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். டிசம்பர் 23இல் ரங்கூன்மீது குண்டு விழுந்தபின் அனுமதிச்சீட்டைக் கேட்டவர் யார், கொடுத்தவர் யார் என்பது அவர்களின் வாதம். ஒப்பந்தத்தின் ஒரு விதியைக் கூர்ந்து படித்தால் இம்முடிவு நிற்காது.

1932 ஜூலை 15க்கும் 1941 ஜூலை 15க்கும் இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் மொத்தம் ஏழாண்டு பர்மாவில் தங்கியவருக்கே 'சலுகைக் குடியேறி' என்ற தகுதி உண்டு என்றது அவ்விதி. இதை, பர்மாவில் இந்தியர் குடியேற்றத்தை ஆராய்ந்த பாக்ஸ்டர் அறிக்கையின் தவிர்க்கமுடியாத விளைவாகக் காட்டுவர். இந்தியர் பர்மியரின் வேலையைப் பறித்ததற்குச் சான்றில்லை, இந்திய உழைப்பு பெரிதும் துணையுழைப்பாகவே இருந்தது என்பதல்லவா பாக்ஸ்டரின் முடிவு? 1938 இந்திய எதிர்ப்புக் கலவரத்துக்குப்பின் பர்மியப் பிரதமர் ஊ சோவின் அரசுக்கு இருந்த நெருக்கடியை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த நெருக்கடியை அறிக்கையின் தலையில் கட்டக்கூடாது. செட்டியார் நிலப் பிரச்சினையை இங்கே இழுப்பதும் பொருந்தாது. அது நிலச் சட்டங்களின் விவகாரம்.

ரங்கூனை அடுத்த இன்சீன் ரயில்வே பணிமனையில் ஃபிட்டருக்குக் கைத்துணையாக இருந்த ஒரு தமிழரை எண்ணிப் பார்க்கலாம். கலியாணம், கருமாதி, பங்காளிச் சண்டை என்று கப்பலேறி ஊருக்குப் போய்வந்த மாதங்களைக் கூட்டி இரண்டாண்டைத் தாண்டினால் அவர் தகுதி போயிற்று. பணிமனையின் சம்பளப் பேரேடாவது அவருக்குச் சாட்சி சொல்லக்கூடும். மேஸ்திரியின் வாய்மொழியில் ஆளெடுத்த துறைமுகத்தில் அதையும் எதிர்பார்ப்பதற்கில்லை. உழைத்த ஆண்டுகளை நிறுவும் சுமையை உழைத்தவன்மீதே ஏற்றியது இவ்விதி.

சீனர் குடியேற்றத்தில் அமெரிக்கா நடந்துகொண்டதோடு இதை ஒப்பிடலாம். அங்கிருந்த சீனத் தொழிலாளர் போய்வரும் உரிமையை 1880 உடன்படிக்கை காத்தது. 1888 சட்டம் அதை மீறியது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. பர்மாவில் மீறுவதற்கு உடன்படிக்கையே இல்லை. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தபோது கிடைத்த பாதுகாப்பு, அறிவிப்புக் கொடுத்து முடித்துக்கொள்ளத்தக்க ஓர் ஆணை மட்டுமே. இந்திய அரசு அனுப்பிய கிரிஜா சங்கர் பாஜ்பாய் குழு ரங்கூனில் பேச அமர்ந்தபோது இந்தியத் தரப்பின் கை தாழ்ந்தே இருந்தது. காந்தி ஒப்பந்தத்தைக் கடுமையாகக் கண்டித்தும் ஏழாண்டுக் கணக்கு பிழைத்துக்கொண்டது என்றே கருதுகிறேன்.

1947 பர்மிய அரசியலமைப்பின் 11ஆம் பிரிவைப் பார்க்கவும். பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதிகளில் பிறந்தவர் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள, அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாளுக்கு அல்லது 1942 ஜனவரி 1க்கு முந்தைய பத்தாண்டுகளில் எட்டாண்டு தங்கியிருக்க வேண்டும். ஒன்பதில் ஏழு, பத்தில் எட்டு ஆகிவிட்டது. இரண்டிலும் ஊர்ப்பயணத்துக்கு விட்டுவைத்த இடம் அதே இரண்டாண்டு!

இப்படித் தங்கிய ஆண்டுகளை எண்ணுவது பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தின் பொதுவழக்கு என்று எதிர்வாதம் எழலாம். அங்கே விண்ணப்ப நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினார்கள்; இங்கே எல்லோருக்கும் பொதுவாகக் குறித்த நாளிலிருந்து எண்ணினார்கள். 1941 விதியிலிருந்து 1947 பிரிவை எடுத்தாண்டதற்கு நேரடி ஆவணத்தை நான் காட்டவில்லை. ஆயினும் இவ்வளவு நெருங்கிய ஒற்றுமையைத் தற்செயல் என்று தள்ள மனம் ஒப்பவில்லை. 1941 ஒப்பந்தத்தைக் குடியேற்ற வரலாற்றின் அடிக்குறிப்பிலிருந்து எடுத்து, பர்மியக் குடியுரிமை வரலாற்றின் முதல் இயலில் வைக்க வேண்டும்.