காற்றில் முறுக்கி உடைந்த பாலம்.. இதயத்தில் திறந்து மூடும் வால்வு.. ரெண்டுக்கும் ஒரே கணக்கா? எளிய விளக்கம்!

1940 நவம்பர் 7. அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் டகோமா நேரோஸ் தொங்கு பாலம், ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கி, உடைந்து கீழே தண்ணீரில் விழுந்தது. திறந்து நாலே மாசம்தான். அப்போது வீசிய காற்றின் வேகம் மணிக்கு சுமார் 64 கிலோமீட்டர். இதைவிட பலமான காற்றையும் தாங்கும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தார்கள்.

அப்போ தப்பு எங்கே?

காற்று பாலத்தைத் தள்ளும் என்பதை மட்டும்தான் பார்த்தார்கள். ஆனால் பாலம் முறுக்கும்போது, அதைச் சுற்றி ஓடும் காற்றின் போக்கும் மாறும். மாறிய காற்று பாலத்தை இன்னும் முறுக்கும். இப்படி ஒன்னை ஒன்னு மாத்திக்கிட்டே போவதற்குப் பெயர் 'பாய்மம்-கட்டமைப்பு இடைவினை'. விமான இறக்கை, காற்றாலை, இதய வால்வு என பல இடங்களில் இது உண்டு.

கம்ப்யூட்டர் எப்படி கணக்கு போடுது?

இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகவும், நேரத்தைச் சின்னச் சின்னப் படிகளாகவும் வெட்டிக்கொள்ளும். அதன் பிறகு இரண்டு வழிகள்.

1. தனித்தனி முறை: முதலில் காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட்டு பாலத்திடம் கொடுக்கும். பாலம் எவ்வளவு நகர்ந்தது என்பதைத் திரும்ப காற்றிடம் கொடுக்கும். ஏற்கெனவே உள்ள இரண்டு சாஃப்ட்வேரை இணைத்தாலே போதும்.

2. ஒருங்கிணைந்த முறை: இரண்டையும் ஒரே சமன்பாட்டுத் தொகுப்பாக, ஒரே நேரத்தில் தீர்ப்பது. நம்பகமானது, ஆனால் கம்ப்யூட்டருக்கு வேலை ஜாஸ்தி.

இதயத்தில் மட்டும் ஏன் சிக்கல்?

ஒரு கனமீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. ரத்தம் என்றால் சுமார் 1,060 கிலோ. வால்வுத் திசுவின் அடர்த்தியும் கிட்டத்தட்ட அதேதான். வால்வு அசைந்தால், தன்னளவுக்கு கனமான ரத்தத்தையும் சேர்த்தே தள்ள வேண்டும். இங்கே தனித்தனி முறையில் ஒரு முறை மட்டும் கொடுத்து வாங்கினால், விடை ஒவ்வொரு படியிலும் எகிறி, கணக்கே சிதறிவிடும். நேரப்படியைக் குறைத்தாலும் சரியாகாது. அதனால் ஒவ்வொரு படியிலும், இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் வரை பலமுறை திருப்பிப் போட வேண்டும். இல்லையென்றால் ஒருங்கிணைந்த முறைதான் வழி.

இன்னொரு தலைவலியும் இருக்கு. பொருள் அசையும்போது கட்டங்களும் கூடவே நகர வேண்டும். வால்வு முழுசா மூடினால், நடுவில் உள்ள கட்டங்கள் நசுங்கிப்போகும். இதற்கு 1972-ல் வழி சொன்னவர் அமெரிக்க கணிதவியலாளர் சார்லஸ் பெஸ்கின். கட்டங்களை அப்படியே அசையாமல் விட்டுவிட்டு, வால்வை மட்டும் நகரும் புள்ளிகளாக அதன் மேல் மிதக்கவிட்டார். இதய வால்வுக்காகப் பிறந்த இந்த முறை, இன்று நீந்தும் மீன் வரை பலவற்றுக்கும் பயன்படுகிறது.

நமக்கு என்ன பயன்?

செயற்கை வால்வில் ரத்தம் எங்கே தேங்குகிறது, எங்கே உறையும் அபாயம் இருக்கிறது என்பதை, நோயாளிக்குப் பொருத்தும் முன்பே பார்க்கலாம். ஆனால் திரையில் கலர் கலராகத் தெரிவதாலேயே விடை சரி என்று அர்த்தமில்லை. சோதனையோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

டகோமாவில் 1950-ல் திறந்த மாற்றுப் பாலமும், அதன் மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்த பிறகே கட்டப்பட்டது. அது இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.