குளிர்காலத்தில் லோடு வண்டியின் மைலேஜ் குறைகிறதா? டீசலை மிச்சப்படுத்தும் வழிகள்

மார்கழி, தை மாதங்களில் மலைப்பகுதி விவசாயிகள் பலரும் சொல்லும் குறை ஒன்று உண்டு. "போன மாசம் வரைக்கும் வண்டி நல்லா ஓடுச்சு. இப்ப அதே லோடு, அதே ரோடு. ஆனா டீசல் கூடுதலா குடிக்குது." ஊட்டி, கோத்தகிரி பக்கமிருந்து கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் பிக்கப், குட்டியானை வண்டிக்காரர்களிடம் இதை அடிக்கடி கேட்கலாம்.

குளிரில் மைலேஜ் கொஞ்சம் குறைவது இயற்கைதான். ஆனால் குறைவு முழுவதற்கும் குளிர்தான் காரணம் என்று விட்டுவிடாதீர்கள். வெயில் காலத்தில் வெளியே தெரியாமல் இருந்த பராமரிப்புக் குறைகள் குளிர் வந்ததும் வெளியே வரும். குளிரை நம்மால் மாற்ற முடியாது. குறைகளைச் சரிசெய்ய முடியும், அதிலும் பாதி வேலைக்குச் செலவே இல்லை.

எவ்வளவு பணம் போகிறது?

மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்தால் சுமார் 214 லிட்டர் டீசல் போதும். அதே வண்டி 12 கிலோமீட்டர்தான் கொடுக்கிறது என்றால் 250 லிட்டர் வேண்டும். வித்தியாசம் 36 லிட்டர். ஒரு லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் மாதம் சுமார் 3,300 ரூபாய். காய்க்கு விலை இல்லாத வாரத்தில் கையில் நிற்கும் லாபமே அவ்வளவுதான் இருக்கும்.

முதலில் அளந்து பாருங்கள்

மைலேஜ் குறைந்துவிட்டதா என்பதை மனக்கணக்கில் முடிவு செய்யாதீர்கள். டேங்கை முழுதாக நிரப்பி, பம்பு தானாக நின்ற இடத்தோடு நிறுத்திவிடுங்கள். மீட்டரில் உள்ள கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே பங்கில், அதேபோல் நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இந்த முறை போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ்.

ஒரு தடவை பார்த்தது போதாது. மூன்று முறை பார்த்து சராசரி எடுங்கள். மலைப்பாதை ஓட்டத்தையும் சமவெளி ஓட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. இந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வண்டியிலேயே வைத்துக்கொண்டால், அடுத்த மார்கழியில் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

குளிரில் வண்டிக்குள் என்ன நடக்கிறது?

1. இன்ஜின் சூடாக நேரமாகிறது. டீசல் இன்ஜினில் கூலன்ட் சூடு 80 டிகிரிக்கு மேல் வந்தபிறகுதான் எரிபொருள் சரியாக எரியும். அதுவரை கூடுதல் டீசல் போகும். பக்கத்துத் தோட்டத்திற்கும் ஊருக்குமாக இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டி சூடாகும் முன்பே நின்றுவிடும். மைலேஜ் அதிகம் அடிபடுவது இந்தச் சின்ன ஓட்டங்களில்தான். எனவே உரம் வாங்குவது, ஆள் இறக்குவது போன்ற வேலைகளை ஒரே ஓட்டத்தில் முடிக்கப் பாருங்கள்.

2. ஆயில் கெட்டியாகிறது. இன்ஜின் ஆயில் மட்டுமல்ல, கியர்பாக்ஸ் ஆயிலும் பின்பக்க கிரவுன் ஆயிலும் காலையில் கெட்டியாக இருக்கும். அவை இளகும்வரை இன்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டும்.

3. டயரில் காற்று இறங்குகிறது. வெளி வெப்பம் 10 டிகிரி குறைந்தால், 60 பி.எஸ்.ஐ. காற்றுள்ள டயரில் 2 முதல் 3 பி.எஸ்.ஐ. வரை குறையும். பஞ்சர் இல்லாமலே டயர் தளர்ந்து, உருள்வதற்கு அதிக விசை கேட்கும்.

4. பேட்டரி சோர்கிறது. குளிரில் பேட்டரியின் திறன் குறையும். ஸ்டார்ட் செய்ய அதிக நேரம் சுற்ற வேண்டும். பிறகு அதை மீண்டும் சார்ஜ் செய்வதும் இன்ஜின் வேலைதான்.

காலையில் நிறுத்தி வைத்து சூடாக்க வேண்டாம்

வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு டீ குடிக்கப் போவது பலருக்கும் பழக்கம். லோடு இல்லாமல் நின்ற இடத்தில் ஓடும் டீசல் இன்ஜின் மிக மெதுவாகத்தான் சூடாகும். சின்ன லோடு வண்டி நின்றபடி ஓடினால் மணிக்கு சுமார் அரை லிட்டர் டீசல் போகும் என்று வையுங்கள். தினமும் 20 நிமிடம் என்றால் மாதத்தில் 5 லிட்டர், அதாவது 465 ரூபாய் புகையாகப் போகிறது.

சாவியைத் திருப்பியதும் ஹீட்டர் விளக்கு அணையும்வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்யுங்கள். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை விட்டுப் புறப்படலாம். முதல் சில கிலோமீட்டருக்கு ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்காமல் நிதானமாக ஓட்டுங்கள். இன்ஜினோடு சேர்ந்து கியர்பாக்ஸும் டயரும் சூடாகும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் ஆனவுடன் உறும விடுவது டர்போவுக்கும் கெடுதல்.

தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறதா, கழற்றிவிட்டார்களா?

பலரும் கவனிக்காமல் விடும் இடம் இதுதான். கூலன்ட் ஓடும் பாதையில் தெர்மோஸ்டாட் என்ற சிறிய வால்வு உண்டு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொண்டு, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும். சூடு வந்தபிறகு திறந்துவிடும். இன்ஜின் சீக்கிரம் சூடாவதும், அந்தச் சூட்டில் நிலையாக நிற்பதும் இதனால்தான்.

வண்டி ஹீட் ஆகிறது என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், சிலர் இந்த வால்வையே கழற்றிப் போட்டுவிடுவார்கள். டிராக்டருக்கும் இதே வைத்தியம்தான். வெயில் காலத்தில் பெரிதாக எதுவும் தெரியாது. குளிர்காலத்திலோ, மலை இறக்கத்திலோ இன்ஜின் நாள் முழுக்க அரைச்சூட்டிலேயே ஓடும். டீசல் கூடுதலாகப் போகும், வெள்ளைப் புகை வரும், ஆயிலில் டீசல் கலக்கும், சிலிண்டரும் ரிங்கும் சீக்கிரம் தேயும்.

இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். டேஷ்போர்டில் உள்ள வெப்ப முள்ளைப் பாருங்கள். 10 முதல் 15 நிமிட ஓட்டத்திற்குப் பிறகும் முள் நடுப்பகுதிக்கு வரவில்லை என்றாலோ, இறக்கத்தில் இறங்கும்போது முள் நன்றாகக் கீழே போனாலோ, வால்வு இல்லை அல்லது திறந்தபடியே மாட்டிக்கொண்டது என்று சந்தேகப்படலாம். ஒர்க்‌ஷாப்பில் கேட்டு, கம்பெனி சொன்ன அளவிலான புது வால்வு போடுங்கள். வண்டி ஹீட் ஆவதற்கு ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்பு, ஃபேன் கோளாறு என்று வேறு காரணம் இருக்கும். அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள். துருப் பிடித்து வால்வு மாட்டிக்கொள்ளும். உறைபனி விழும் இடங்களில் தண்ணீர் உறைந்து இன்ஜின் பிளாக்கே விரிசல் விடவும் வாய்ப்பு உண்டு. சரியான விகிதத்தில் கலந்த கூலன்ட்தான் பாதுகாப்பு. சூடு பிடிக்கட்டும் என்று ரேடியேட்டரை சாக்கு, அட்டை வைத்து மூடுவதும் வேண்டாம். எடுக்க மறந்து மலை ஏறினால் இன்ஜின் சீஸ் ஆகிவிடும்.

டயர் காற்று: எப்போது பார்ப்பது?

வாரம் ஒரு முறை, காலையில் வண்டி புறப்படும் முன் பாருங்கள். முன் டயருக்கும் பின் டயருக்கும், லோடு உள்ளபோதும் இல்லாதபோதும் எவ்வளவு காற்று என்பது டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையிலோ வண்டிப் புத்தகத்திலோ இருக்கும்.

மலை இறங்கி மண்டிக்கு வந்ததும் டயர் சூட்டோடு அளந்தால் காற்று அதிகமாகக் காட்டும். அதைப் பார்த்து காற்றை இறக்கிவிடாதீர்கள். இரவு குளிரில் நிறுத்தியதும் டயர் தளர்ந்துவிடும். தளர்ந்த டயரில் லோடு ஏற்றினால் டீசல் செலவு மட்டுமல்ல, ஓரம் தேய்ந்து டயரே வெடிக்கும் அபாயமும் உண்டு.

பராமரிப்பில் பார்க்க வேண்டிய மற்றவை

பிரேக் பிடித்திருத்தல்: பிரேக் முழுதாக விடாமல் உரசிக்கொண்டே ஓடினால் மைலேஜ் நன்றாகவே இறங்கும். சமவெளியில் பிரேக்கை அதிகம் தொடாமல் சிறிது தூரம் ஓட்டி நிறுத்துங்கள். நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருந்தால் அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

ஏர் ஃபில்டர்: மண் ரோட்டில் ஓடும் வண்டியில் சீக்கிரம் அடைக்கும். இழுவை குறைந்து கரும்புகை வந்தால் முதலில் இதைப் பாருங்கள். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது.

டீசல் ஃபில்டர்: அடியில் தண்ணீர் சேரும். அங்குள்ள திருகைத் தளர்த்தி தண்ணீரை வடித்துவிடுங்கள். தண்ணீர் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் தள்ளிப்போட வேண்டாம். இன்ஜெக்டர் கெட்டால் செலவு ஆயிரக்கணக்கில் போகும்.

இன்ஜின் ஆயில்: வண்டிப் புத்தகம் சொல்லும் கிரேடு மட்டும் போடுங்கள். 15டபிள்யூ-40 போன்ற எண்ணில் டபிள்யூவுக்கு முன் உள்ள எண், குளிரில் ஆயில் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதைக் காட்டும். எண் சிறிதானால் குளிரில் இளக்கம் அதிகம். கெட்டி ஆயில்தான் இன்ஜினுக்கு நல்லது என்று நினைத்து மாற்றிப் போடாதீர்கள்.

பி.எஸ்.6 வண்டி: 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் வண்டிகளில் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உண்டு. சேர்ந்த கரியை எரிக்க வண்டி தானாகவே கூடுதல் டீசல் எடுத்துக்கொள்ளும். சின்ன ஓட்டமும், நின்றபடி ஓட்டுவதும் அதிகமானால் இது அடிக்கடி நடக்கும். விளக்கு எரிந்தால் வண்டிப் புத்தகத்தில் சொன்னபடி, நிற்காமல் சீரான வேகத்தில் ஓட்டி முடிக்க வேண்டும்.

மலைப்பாதையில் ஓட்டும் முறை

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டி சுமார் 50 கிலோமீட்டர். அதற்குள் ஏறும் உயரம் ஏறத்தாழ 1,900 மீட்டர். ஒரு டன் எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் சுமார் ஒன்றரை லிட்டர் டீசல் தேவை. காய் இறங்கும்போது போகிறது, திரும்பும்போது காலி வண்டி என்பது நமக்கு நல்லது. ஆனால் பழைய இரும்பு, தேவையில்லாத சாமான், மண் ஒட்டிய சாக்கு என்று 100 கிலோ கூடுதலாகக் கிடந்தால், ஒவ்வொரு ஏற்றத்திலும் 150 மில்லி வீணாகும். ஏறும் முன் பாடியைச் சுத்தம் செய்யுங்கள்.

டீசல் மிச்சம் என்று நினைத்து இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதோ, இன்ஜினை அணைப்பதோ உயிருக்கே ஆபத்து. லோடு முழுவதும் பிரேக் மேல் விழுந்து, பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். இன்ஜினை அணைத்தால் பிரேக்குக்கும் பவர் ஸ்டீயரிங்குக்கும் உள்ள துணையும் போய்விடும்.

இதில் மிச்சமும் கிடையாது. கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்குப் போகும் டீசல் தானாக நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் போய்க்கொண்டே இருக்கும். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்ற பழைய பாடம் பாதுகாப்புக்கும் சரி, டீசலுக்கும் சரி.

செய்யக் கூடாதவை

டீசலில் மண்ணெண்ணெய் கலக்காதீர்கள். டீசலின் வழவழப்பில்தான் பம்பும் இன்ஜெக்டரும் தேயாமல் ஓடுகின்றன. லடாக் போன்ற கடுங்குளிர் பகுதிகளுக்கு மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத தனி டீசல் இருக்கிறது. நம் மலைகளுக்கு அது தேவையில்லை.

மைலேஜைக் கூட்டும் என்று விற்கும் மருந்துகளுக்கும், பெட்ரோல் பைப்பில் மாட்டும் காந்தங்களுக்கும் பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் ஃபில்டர் மாற்றலாம்.

எந்த வரிசையில் பார்ப்பது?

1. டயர் காற்று, காலை நேர ஐடிலிங், தேவையில்லாத எடை. செலவு இல்லை.
2. வெப்ப முள். வால்வு, கூலன்ட்.
3. பிரேக் உரசல், வீல் அலைன்மென்ட்.
4. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஆயில்.
5. இவை எல்லாம் சரியாக இருந்தும் குறைந்தால் மட்டும் இன்ஜெக்டர், பம்பு, கிளட்ச் சோதனை.

ஒன்றைச் சரிசெய்ததும் மீண்டும் மைலேஜை அளந்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குறை என்று தெரியாமலே போய்விடும். இவ்வளவும் பார்த்தபிறகும் லிட்டருக்கு அரை கிலோமீட்டர் போலக் குறைந்து நின்றால், அது குளிரின் கணக்கு. பங்குனி வெயில் வந்ததும் அது தானே திரும்பிவிடும்.