நூறு நாள் வேலை: டெல்லிப் பணம் எங்கள் கடற்கரைக்கு வந்த கதை



எக்கியார்குப்பம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? மரக்காணம் பக்கத்தில் உள்ள மீனவர் ஊர். 2023 மே மாதம் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்துப் பலர் இறந்தபோதுதான் தமிழ்நாடு முழுக்க இந்தப் பெயர் தெரிந்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று தமிழக அரசு அறிவித்தது. கொடுக்கலாமா கூடாதா என்று டீக்கடை முதல் டி.வி. வரை ஒரே விவாதம்...

நான் அந்த விவாதத்துக்குள் போகப் போவதில்லை. ஆனால் அப்போது எழுந்த ஒரு கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. செத்த பிறகு வரும் பணத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, உயிரோடு உழைக்கும்போது இந்தக் கடற்கரை ஏழைக்கு அரசாங்கப் பணம் எப்படி வந்தது? வந்ததா, வரவில்லையா? யார் கையில் போய்ச் சேர்ந்தது? அதைத் தேடிப் படித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

முதலில் எங்கள் பக்கம் பற்றி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் வந்தவர்களுக்குத் தெரியும். மரக்காணத்தை நெருங்கும்போது உப்பளங்கள் கண்ணைக் கூசவைக்கும். இன்னொரு பக்கம் கடலும் குப்பங்களும். உப்பு, மீன், கொஞ்சம் விவசாயம் இவைதான் பிழைப்பு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் கடலும் சீறும், உப்புப் பாத்தியும் தண்ணீரில் மூழ்கும். இரண்டு வருமானமும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். உப்பளத்தில் வெறுங்காலோடு உப்பு சுமக்கும் பெண்ணுக்கு அந்த மாதங்களில் கையில் காசே இருக்காது. வட்டிக்குக் கடன் வாங்க வேண்டியதுதான். எனவே இங்கே ஒரு திட்டம் நல்லதா கெட்டதா என்று பார்க்க ஒரே ஒரு அளவுகோல் போதும். கை வறண்ட நாளில் அந்தப் பெண்ணின் கைக்கு ஏதாவது வந்ததா?

1952: பிளாக் பிறந்த கதை

நம் ஊர்ப் பெரியவர்கள் "பிளாக் ஆபீஸ்", "பி.டி.ஓ." என்று சொல்வார்களே, அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? 1952 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில் நேரு அரசு சமுதாய வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 55 இடங்கள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 300 கிராமங்கள், 2 லட்சம் மக்கள். ஒவ்வொரு திட்டப் பகுதியையும் மூன்றாகப் பிரித்து அதற்கு "பிளாக்" என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்க உதவியும் இதற்கு வந்தது. இன்றைக்கு மரக்காணம் ஒன்றியம் என்று ஒன்று இருப்பதற்கு மூலம் அந்தத் திட்டம்தான்.

நோக்கம் நல்ல நோக்கம். சாலை, கிணறு, பள்ளி, உரம், நல்ல விதை எல்லாம் கிராமத்துக்கு வர வேண்டும், மக்களே முன்வந்து செய்ய வேண்டும். ஆனால் நடந்தது என்ன? உரமும் விதையும் யாருக்குப் பயன்படும்? நிலம் இருப்பவருக்கு. நிலமே இல்லாத கூலிக்காரருக்கு அதில் என்ன இருக்கிறது? நிலம் உள்ளவர்களே அதிகப் பயன் பெற்றார்கள் என்ற குறை அப்போதே எழுந்தது.

1957இல் பல்வந்த்ராய் மேத்தா தலைமையில் ஒரு குழு இதை ஆராய்ந்தது. மக்கள் இதைத் தங்கள் திட்டமாக நினைக்கவில்லை, தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர் அமைப்புகளிடம் அதிகாரத்தைக் கொடுங்கள் என்பது அதன் முடிவு. சென்னை மாகாணத்தில் காமராசர் முதல்வராக இருந்தபோது 1958இல் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது, அதன்படி ஊராட்சி ஒன்றியங்கள் உருவாயின. பணத்தைச் செலவழிக்கும் இடம் ஊருக்குப் பக்கத்தில் வந்தது. ஆனால் ஊருக்குள்ளேயே யாருக்கு என்ற கேள்வி அப்படியே இருந்தது.

பிறகு எத்தனையோ திட்டங்கள். ஏழைக்கு அனுப்பும் ஒரு ரூபாயில் 15 பைசாதான் போய்ச் சேருகிறது என்று பிரதமர் ராஜீவ் காந்தியே 1985இல் சொன்னார். 1989இல் ஜவஹர் வேலைவாய்ப்புத் திட்டம், 1993இல் வேலை உறுதித் திட்டம் என்று பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன. இவை எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் உண்டு. டெல்லி ஒரு தொகையை ஒதுக்கும், அது தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது. "எனக்கு வேலை கொடு" என்று கேட்கும் உரிமை சட்டப்படி யாருக்கும் இல்லை.

2006: கேட்டால் கொடுக்க வேண்டும்

2005இல் நாடாளுமன்றம் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தை நிறைவேற்றியது. 2006 பிப்ரவரி 2 அன்று நாட்டின் 200 பின்தங்கிய மாவட்டங்களில் அது தொடங்கியது. தமிழ்நாட்டில் முதல் கட்டமாக 6 மாவட்டங்கள்: விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை. ஆம், மரக்காணம் இருக்கும் எங்கள் விழுப்புரமும் முதல் பட்டியலிலேயே இருந்தது!

இதில் புதுசு என்ன? ஒரு கிராமக் குடும்பம் வேலை கேட்டால் ஆண்டுக்கு 100 நாள் வரை கொடுத்தே ஆக வேண்டும். 15 நாளுக்குள் கொடுக்காவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. காண்டிராக்டர் கூடாது. மொத்தச் செலவில் குறைந்தது 60 சதவீதம் கூலிக்கே போக வேண்டும். உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசே ஏற்றது. முக்கியமாக, எத்தனை பேர் கேட்டாலும் அத்தனை பேருக்கும் பணம் வர வேண்டும் என்பது சட்டம்.

தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஒரு நாள் கூலி 80 ரூபாய். 2025-26இல் அது 336 ரூபாய். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெண்கள். என் அத்தை அவர்களில் ஒருவர். ஏரி வேலைக்குப் போய் வந்த காசு அவர் பெயரில் உள்ள பாஸ்புக்கில் ஏறியது. "மாமா கிட்ட கேக்காம நானே எடுத்த முதல் காசுடா அது" என்பார். பொருளாதாரப் புத்தகத்தில் படித்ததை விட அந்த ஒரு வரியில் எனக்கு நிறையப் புரிந்தது.

அமெரிக்காவிலும் இதே கேள்வி

இதே நோக்கத்தோடு அமெரிக்காவிலும் ஒரு திட்டம் உண்டு. 1974இல் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தின்படி, தனித்தனியாக இருந்த பல மானியங்களை ஒன்றாகச் சேர்த்து நகரங்களுக்கு மொத்தத் தொகையாகக் கொடுத்தார்கள். எதற்குச் செலவு செய்வது என்பதை நகரமே முடிவு செய்யலாம். ஆனால் இப்போதைய விதிப்படி குறைந்தது 70 சதவீதம், குறைந்த மற்றும் நடுத்தரத்துக்குக் கீழான வருமானம் உள்ளவர்களுக்குப் பயன்பட வேண்டும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கு எப்படி? ஒரு பகுதியில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அதாவது 51 சதவீதம் பேர் அப்படிப்பட்டவர்களாக இருந்தால், அங்கே போடும் சாலையை ஏழைகளுக்கான செலவாகக் காட்டலாம். அந்தச் சாலையால் வாடகை உயர்ந்து ஏழை வெளியேறினால்? ஒரு பகுதிக்குக் கொடுப்பதும் ஒரு ஆளுக்குக் கொடுப்பதும் ஒன்றல்ல. 1952இல் நாம் கற்ற பாடமும் இதுதானே!

கோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

நூறு நாள் வேலையில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. கூலி தாமதமாக வந்தது பெரிய குறை. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய கூலிப் பாக்கி மட்டும் 1,056 கோடி ரூபாய் என்று முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். என் அத்தையும் பல வாரம் காத்திருந்தார்.

இன்னொரு குறையை யாரும் அதிகம் பேசுவதில்லை. மரக்காணம் ஒரு பேரூராட்சி. அரசுக் கணக்கில் அது நகரம். ஊரக வேலைச் சட்டம் நகரத்துக்குப் பொருந்தாது. ஒரே உப்பளத்தில் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் நிற்கும் இரண்டு பெண்களை நினைத்துப் பாருங்கள். ஒருவர் ஊராட்சியில் குடியிருப்பவர், அவருக்கு வேலை அட்டை உண்டு. இன்னொருவர் பேரூராட்சியில் குடியிருப்பவர், அவருக்கு இல்லை. வெயிலும் ஒன்று, உப்பும் ஒன்று, பசியும் ஒன்று. வரைபடத்தில் உள்ள கோடு மட்டும் வேறு.

இப்போது என்ன?

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக "விபி - ஜி ராம் ஜி" என்ற புதிய சட்டத்தை நிறைவேற்றியது. 100 நாள் 125 நாளாகிறது. இது நல்ல செய்தி. ஆனால் தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் செலவில் 40 சதவீதத்தை ஏற்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் எவ்வளவு என்பதை மத்திய அரசு முன்கூட்டியே நிர்ணயிக்கும், அதற்கு மேல் போனால் மாநிலத்தின் பொறுப்பு. விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். நீடித்த சொத்துகள் உருவாகும், விவசாயத்துக்கு ஆள் கிடைக்கும் என்கிறார்கள் ஆதரிப்பவர்கள். கேட்டால் கிடைக்கும் என்ற உறுதி போய்விடும் என்கிறார்கள் எதிர்ப்பவர்கள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 70 ஆண்டுக் கதையைப் படித்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். எவ்வளவு கோடி ஒதுக்கினார்கள் என்பதை வைத்து ஏழைக்குப் பணம் போய்ச் சேராது. "எனக்குக் கொடு" என்று கேட்க அவருக்குச் சட்டத்தில் இடம் இருந்தால்தான் சேரும். 1952 திட்டத்தில் அந்த இடம் இல்லை. 2006இல் இருந்தது. ஆகவே புதிய சட்டத்தில் 125 என்ற எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். ஒதுக்கிய தொகை தீர்ந்த பிறகு ஒரு பெண் மனு கொடுத்தால் என்ன பதில் கிடைக்கிறது என்று பாருங்கள்.

அடுத்த மழைக்காலத்தில் எங்கள் பக்கம் வந்தால் உப்பளங்கள் தண்ணீருக்குள் கிடப்பதைப் பார்க்கலாம். வெள்ளை உப்புக் குவியலைப் படம் எடுக்க வருபவர்கள் அப்போது வருவதில்லை. அந்த மூன்று மாதங்களில் அடுப்பு எரிகிறதா என்பதுதான் எந்தத் திட்டத்துக்கும் உண்மையான தேர்வு.

உங்கள் ஊரில் நூறு நாள் வேலை எப்படி நடந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தெரியாதவர்கள் உங்கள் அத்தையிடமோ பாட்டியிடமோ ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.