பாலைவனச் சிங்கம்: சொன்னதும் சொல்லாததும்

உமர் முக்தார் என்ற பெயரைக் கேட்டதும் எம்மில் பலரது மனக்கண்ணில் தோன்றுவது நடிகர் அந்தோனி குவின்னின் முகம்தான். 1981இல் வெளிவந்த ‘லயன் ஒஃப் த டெஸர்ட்’ விட்டுச்சென்ற பதிவு அது. ‘அர்ரிஸாலா’வைத் தந்த முஸ்தபா அக்காத்தே இதனையும் நெறிப்படுத்தினார். முஸோலினியாக ரொட் ஸ்டைகரும், ஜெனரல் கிராஸியானியாக ஒலிவர் ரீடும் நடித்தனர். ஒரு சர்வாதிகாரியின் கொடுமையைக் காட்டும் இப்படத்துக்கு ஏறத்தாழ 35 மில்லியன் டொலர் செலவானது. அதற்குப் பணம் கொடுத்தது இன்னொரு சர்வாதிகாரியான முஅம்மர் கடாபியின் அரசு. அப்படியானால் இதனை வரலாறாக ஏற்கலாமா?

படத்தின் அடிப்படைச் சம்பவங்கள் உண்மையானவை. கிழக்கு லிபியாவின் பர்கா பிரதேசத்தில் 1930இல் சுமார் ஒரு இலட்சம் மக்கள் கால்நடைகளோடு பெயர்க்கப்பட்டு, முட்கம்பி முகாம்களில் அடைக்கப்பட்டனர். பசியாலும் நோயாலும் பல்லாயிரம் பேர் அங்கேயே மாண்டனர். 1931இல் எகிப்திய எல்லையில் சுமார் 270 கிலோமீற்றர் நீளத்துக்குக் கம்பிவேலி எழுந்தது. அதே ஆண்டு ஜனவரியில் குஃப்ரா பாலைவனச்சோலை வீழ்ந்தது. செப்டெம்பர் 11இல் பிடிபட்ட எழுபது வயது கடந்த முக்தார், 15இல் விசாரிக்கப்பட்டு, மறுநாள் ஸுலூக் முகாமில், கூட்டி வரப்பட்ட கைதிகளின் கண்முன்னே தூக்கிலிடப்பட்டார். இவற்றில் கடாபியின் கற்பனை எதுவுமில்லை. இத்தாலியரின் சொந்த ஆவணங்களே இவற்றுக்குச் சாட்சி.

படத்தில் கற்பனையும் உண்டு. தூக்குமேடையிலிருந்து விழும் முக்தாரின் மூக்குக்கண்ணாடியை ஒரு சிறுவன் எடுத்துச்செல்லும் இறுதிக் காட்சி நெறியாளரின் ஆக்கம். அதில் எனக்குக் குறையில்லை. போராட்டம் அடுத்த தலைமுறைக்குக் கைமாறுகிறது என்பதை அக்காட்சி சொல்கிறது. அதனால் எந்த வரலாற்று உண்மையும் புரண்டுவிடவில்லை.

குறை இருப்பது படம் விட்டுவிட்ட இடங்களில். முதலாவது, மார்ஷல் பதோலியோ. 1929 ஜனவரி முதல் லிபியாவின் ஆளுநர் அவரே. அந்த ஆண்டு ஜூனில் முக்தாருடன் நேரில் அமர்ந்து சமாதானம் பேசியவரும் அவரே. கிராஸியானி பர்காவுக்குப் பொறுப்பேற்றது 1930இல், பதோலியோவின் கீழ்தான். பர்கா மக்கள் முழுவதும் அழிய நேர்ந்தாலும் போராளிகளிடமிருந்து அவர்களைப் பிரித்தே தீரவேண்டும் என்ற கருத்துப்பட 1930 ஜூன் 20இல் கடிதம் எழுதியவர் அவர். படத்தில் அவர் ஒரு பாத்திரமாகக்கூட வருவதில்லை. உரோமில் முஸோலினி கட்டளையிடுகிறார், பர்காவில் கிராஸியானி நிறைவேற்றுகிறார். கதைக்கு இது வசதி. ஆனால் ஒரு சர்வாதிகாரியின் குற்றம், கடிதம் எழுதிக் கையொப்பமிடும் மரியாதைக்குரிய மனிதர்களின் மேசைகள் வழியாகவே நடந்தேறுகிறது என்ற பாடம் இதனால் தவறிவிடுகிறது. இந்தப் பதோலியோதான் 1943இல் முஸோலினி வீழ்ந்ததும் இத்தாலியின் பிரதமரானார். லிபியாவில் நடந்ததற்காக அவர் எந்த நீதிமன்றிலும் நிறுத்தப்படவில்லை.

இரண்டாவது விடுபடல் எம்மை இன்னும் நெருக்கமாகத் தொடவேண்டியது. முக்தார் தனித்து எழுந்த வீரரல்லர். அவர் ஸனூஸிய்யா தரீக்காவின் ஷெய்கு, ஸாவியாவில் குர்ஆன் கற்பித்தவர். எகிப்தில் தஞ்சம் புகுந்திருந்த ஸனூஸித் தலைவர் இத்ரீஸின் பிரதிநிதியாகவே அவர் களத்தில் நின்றார். போராளிகளுக்கு ஆளும் உணவும் திரட்டியது அந்த ஸாவியாக்களின் வலைப்பின்னல். அதனால்தான் இத்தாலியர் அவற்றை மூடிச் சொத்துகளைப் பறித்தனர். அதே இத்ரீஸ் 1951இல் லிபியாவின் மன்னரானார். 1969இல் அவரைக் கவிழ்த்தவர் கடாபி. படத்தில் இத்ரீஸ் இல்லை, தரீக்காவும் பின்னணியில் கரைந்துபோகிறது. பின்னாளில் ஜஃபூபில் இருந்த ஸனூஸிகளின் தலைமை ஸாவியா கடாபியின் ஆட்சியிலேயே தகர்க்கப்பட்டது. முக்தாரைக் கொண்டாடிய ஆட்சி, அவரை உருவாக்கிய நிறுவனத்தை அழித்தது.

1982இல் இத்தாலி, தன் இராணுவத்தின் கௌரவத்துக்கு இழுக்கு எனக் கூறி இப்படத்தைத் தடுத்தது. 2009இல் கடாபி உரோமுக்குச் சென்றபோதுதான் அது அந்நாட்டுத் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. விலங்கிடப்பட்ட முக்தாரின் புகைப்படத்தை மார்பில் குத்திக்கொண்டு அவர் விமானத்திலிருந்து இறங்கினார். இரண்டு ஆண்டுகளின் பின் அவருக்கெதிராக எழுந்த பெங்காஸி மக்களும் அதே முக்தாரின் படத்தையே தூக்கிப் பிடித்தனர்.

இத்தாலி தடுத்ததே படத்தின் உண்மைக்கு அத்தாட்சி என்று எம்மவர் சொல்வதுண்டு. காட்டப்பட்டவற்றுக்கு அது அத்தாட்சிதான், காட்டப்படாதவற்றுக்கு அல்ல. பணம் தருபவர் பொய்யைச் சேர்க்கவேண்டிய அவசியமில்லை, தனக்கு வேண்டாத பெயரை எடுத்துவிட்டாலே போதும். பொய்யை ஆவணங்கொண்டு மறுத்துவிடலாம். விடுபட்டதைத் தேட, விடுபட்டிருக்கிறது என்பதே முதலில் தெரிந்திருக்க வேண்டும். எமக்காகப் பேசும் படங்கள் மிகக் குறைவு. அதனாலேயே அவற்றைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறோம். முக்தாருக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை, படம் முடிந்தபின் அவரது ஸாவியாவையும் தேடிப் படிப்பதே.