மூளை முடக்குவாதம்: ஓர் அறிவு வளர்ந்த வரலாறு

கை கால் விறைத்து, நாக் குழறி, வாய்நீர் வழிய இருக்கும் பிள்ளையைக் கண்டால், 'இது வாதம். புத்தியும் இல்லை' என்று ஒரே மூச்சிற் சொல்லிவிடுதல் எம் மூதூரில் வழக்கம். இவ்விரு கூற்றுள் முன்னையது கண்டறிந்தது. பின்னையது ஆராயாது வழங்கிய தீர்ப்பு. இவற்றைப் பிரித்தறிய மருத்துவ உலகிற்கே நெடுங்காலம் சென்றது.

இந்நோயை முதலில் விரிவாக ஆராய்ந்தவர் இலண்டன் வைத்தியர் வில்லியம் யோன் லிட்டில். இளமையில் நோயுற்றுப் பாதம் திரும்பப்பெற்ற இவர், 1836 இல் செருமனியில் சத்திரசிகிச்சையாற் குணமடைந்தவர். நோயாளியாயிருந்தவரே நோயை ஆராயப் புகுந்தது கருதத்தக்கது. கடினமான பிரசவம், குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் மூச்சடைப்பு ஆகியவற்றுக்கும் உறுப்புக்களின் விறைப்புக்கும் தொடர்புண்டென 1861 இல் இலண்டன் மகப்பேற்று வைத்தியக் கழகத்தில் இவர் எடுத்துரைத்தார். 'லிட்டிலின் நோய்' என்றே அது நெடுநாள் வழங்கிற்று.

பின்னாளில் உளப்பகுப்பாய்வாற் புகழெய்திய சிக்மண்ட் புரொய்ட் 1897 இல் இதனை மறுத்தார். பிரசவம் கடினமாதல் காரணமாயிராது, கருவிலேயே நேர்ந்த குறையின் விளைவாயிருத்தலுங் கூடும் என்பது அவர் வாதம். கேட்பாரிலர். தாய்மாரும் மருத்துவிச்சிகளும் வீண்பழி சுமந்தனர். பிறப்பு வேளை மூச்சடைப்பாற் பிணியுற்றோர் சிறுபான்மையரே என்பதை அமெரிக்க ஆய்வாளர் நெல்சனும் எலன்பேர்க்கும் 1986 இல் நிறுவினர். எனினும் சில காரணங்கள் தடுக்கத்தக்கன. சிசுவின் கடுஞ்செங்கமாரி மூளையைத் தாக்கவல்லது. அதனை ஒளியாற் குறைக்கலாமென 1958 இல் கிறீமர் முதலியோர் வெளியிட்டனர்.

மூளையிற் பட்ட ஊறு வளர்வதன்று, ஆறுவதுமன்று. ஆயின் பிள்ளை வளர வளரத் தசைகள் இறுகும்; எலும்புகள் கோணும். ஆதலின் மருந்தினும் பயிற்சியே முதன்மை பெறும். இலண்டனிற் பொபத் தம்பதியரும் புடாபெஸ்டிற் பெற்றோவும் வெவ்வேறு முறைகளை வகுத்தனர். வீட்டிற் செய்யத்தக்கனவும் உள: பிள்ளையைப் படுக்கவைத்து ஊட்டாது, தலை பின்சாயாமல் நிமிர்த்தியிருத்தி ஊட்டுதல் அவற்றுள் ஒன்று. படுத்தபடி ஊட்டின் உணவு சுவாசக்குழாயிற் புகும். பேச இயலாப் பிள்ளைக்குப் படப் பலகை மொழியாகும்.

இந்தியாவிற் பள்ளிக் கதவைத் திறந்தவர் தாய்மாரே. தம் மகள் மாலினிக்காக மித்து ஆலூர் 1972 இல் பம்பாயில் ஒரு சங்கம் நிறுவினார். அம்மகள் பின்னர் ஒற்றை விரலால் தட்டச்சிட்டுத் தன் வரலாற்றை நூலாக்கினார். சென்னையில் 1985 இல் 'வித்யாசாகர்' தோன்றியது, இந்நோயுற்ற மகனைப் பெற்ற பூனம் நடராஜன் என்னும் தாயின் முயற்சியால்.

ஈண்டு என் குறையொன்றையுங் கூறல் வேண்டும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன், திருகோணமலைக்குத் தரைவழி செல்வோர் துறைதோறும் 'பாதை' ஏறவேண்டும். அக்காலத்தில் ஒரு தாய், இளையவளைப் பள்ளிக்கு விடவந்து, ஒன்பது வயது மகனை இடுப்பிற் சுமந்தபடி என் வகுப்புச் சாளரத்தருகே நிற்பார். நான் வாய்பாடு கேட்பேன். மாணாக்கர் பிழையாக விடை கூறுந்தோறும் அப்பையன் சிரிப்பான். சரியாகக் கூறின் சிரியான். பல வாரங்கள் அதனைப் பொருளற்ற சிரிப்பென்றே எண்ணினேன். ஊனமுற்றோரைக் கல்வி நிலையங்களிற் சேர்க்க மறுத்தலாகாது என இலங்கையின் 1996 ஆம் ஆண்டு 28 ஆம் இலக்கச் சட்டம் விதித்திருந்ததையும் யான் அறிந்திலேன். பையனையும் சேர்க்கலாமோ எனத் தாய் ஒருநாள் வினவியபோது, வாங்கில் அவனால் இருக்கமுடியாதே என்றேன். அப்பிள்ளையின் பெயரை யான் இடாப்பில் எழுதவில்லை.