மேசையருகே இருவர்

மேசையருகே ஒருவர் பேசுகிறார், ஒருவர் கேட்கிறார். 1912இல் ஜெர்மானிய ஓவியர் கப்ரியேலே மூன்டர் தீட்டிய உணர்ச்சி வெளிப்பாட்டு ஓவியத்தில் நாம் காண்பது இவ்வளவே. பேசுபவர் அவருடைய வாழ்க்கைத் துணையாயிருந்த காண்டின்ஸ்கி; கேட்பவர் தோழி எர்மா போசி. பவாரியச் சிற்றூர் மூர்னாவில் மக்கள் கண்ணாடியில் வரைந்த பக்திப் படங்களிலிருந்தும் மூன்டர் கரிய கோடுகளையும் கலப்பற்ற நிறங்களையும் கற்றார்.

1914இல் போர் மூண்டதும் காண்டின்ஸ்கி ஜெர்மனியை விட்டு அகன்றார். பின்னர் உறவும் முறிந்தது. 1937இல் நாஜி அரசு இத்தகைய கலையைச் ‘சீரழிந்த கலை’ என இழித்தது. மூன்டரோ பிரிந்தவரின் ஓவியங்களையும் மூர்னாவ் இல்லத்தின் நிலவறையில் மறைத்துக் காத்தார். 1957இல், தம் எண்பதாம் பிறந்தநாளையொட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை மூனிக் நகரின் லென்பாக் இல்லத்துக்கு வழங்கினார்.

மனக்கசப்பால் அழித்திருக்கக் கூடியதை அவர் காத்தளித்தார். நம்மைப் பிரிந்து சென்றோரின் நன்மைகளை நாம் காக்கிறோமா?